எந்த ஊர் துணி, எந்த ஊர் பக்குவம்? க்வில்ட் வாசகர்களின் கேள்வி பதில்

க்வில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்து நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை, தைக்கும் வாசகர்களிடம் சென்ற இதழில் மூன்று விஷயம் கேட்டிருந்தோம். உங்கள் ஊர் எது? அந்த ஊர்த் துணியில் தைக்கும்போது வரும் சிக்கல் என்ன? தையலுக்கு உட்காரும் நாளில் உங்கள் வீட்டில் செய்கிற ஊர்ப் பலகாரமோ சாப்பாடோ எது? வந்த கடிதங்களில் பாதிக்குமேல் தையல் சந்தேகமும் சமையல் சந்தேகமும் ஒரே தாளில் இருந்தன. அப்படியே சேர்த்துப் பதில் தருகிறோம்.

பழைய சுங்குடிப் புடவைகளை வெட்டி க்வில்ட் தைத்தேன். முதல் துவைப்பிலேயே அரக்குச் சிவப்பு வெள்ளைத் துண்டுகளில் இறங்கிவிட்டது. கல் உப்பில் ஊறவைத்துத்தான் வெட்டினேன். எங்கே தவறு? இன்னொன்று, எங்கள் ஊர் பருத்திப்பால் வீட்டில் செய்தால் ஒருவிதப் பச்சை வாடை அடிக்கிறதே?
– மதுரை வாசகி

முதலில் உப்பு. சாயத் தொட்டியில் சாயம் நூலுக்குள் போவதற்கு உப்பு உதவும். ஏறி முடித்த சாயத்தை அது பிடித்து நிறுத்தாது, வினிகரும் நிறுத்தாது. நூலோடு ஒட்டாமல் மேலாக நிற்கிற மிச்சச் சாயத்தைக் கழுவி வெளியேற்றுவதுதான் ஒரே வழி.

ஒவ்வொரு நிறத்தையும் தனி வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பிறகு கை பொறுக்கிற சூட்டில் சோப்புத்தூள் கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். சிவப்பு, அரக்கு, கருநீலம் மூன்றுக்கும் நாலைந்து முறைகூட ஆகும். கடைசியில் ஒரு சோதனை: இரண்டு இஞ்ச் துண்டை நனைத்து, நனைத்த வெள்ளைக் காடாத் துணிக்கு நடுவே வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். காடாவில் ஒரு சாயலாவது தெரிந்தால் அந்தப் புடவை இன்னும் தயாராகவில்லை.

இறங்கிய க்வில்ட்டைக் காப்பாற்ற இன்னும் வழி உண்டு, ஆனால் கறையோடு வெயிலில் காயப்போடவே கூடாது. பெரிய தொட்டி நிறைய வெந்நீர், தாராளமாகத் துணி சோப்பு, க்வில்ட் முழுவதும் அமிழ்ந்து இருக்கவேண்டும். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் தண்ணீர் நிறம் மாறியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடி. தண்ணீர் குறைவாக இருந்தால் வெளியே வந்த சாயம் போக இடமில்லாமல் வெள்ளைத் துண்டிலேயே திரும்ப உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் காரியம் கெடுகிறது.

பழைய புடவையை வெட்டுமுன் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து தேய்ந்த பகுதியில் இழை விலகி சல்லடைபோல் தெரியும். அதை ஒதுக்கிவிடுங்கள், பக்கத்தில் உள்ள வலுவான துண்டு அதை இழுத்தே கிழித்துவிடும். நல்ல பகுதிக்கு லேசாகக் கஞ்சி போட்டு, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டு வெட்டினால் துணி நழுவாது. தேயாத புடவை ஒன்று கைவசம் இருந்தால் அதை அடித்துணியாக வைத்துக்கொள்ளுங்கள். 46 இஞ்ச் அகலம், ஐந்தரை மீட்டர் நீளம் உள்ள புடவையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, நீளவாக்கில் அரை இஞ்ச் தையல் விட்டு இணைத்தால் 91-க்கு 108 இஞ்ச் கிடைக்கும். இரட்டைக் கட்டில் போர்வைக்கு ஒரே புடவை போதும்.

இனி பருத்திப்பால். பருத்திக் கொட்டை 200 கிராம், பச்சரிசி 2 மேசைக்கரண்டி, வெல்லம் அல்லது கருப்பட்டி 250 கிராம், சுக்குத்தூள் முக்கால் டீஸ்பூன், ஏலக்காய் 4, தேங்காய்த் துருவல் அரை கப். கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் பஞ்சும் அழுக்கும் போக நாலைந்து தண்ணீரில் தேய்த்துக் கழுவி, எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். அரைத்து மெல்லிய துணியில் பிழிந்து மூன்று முறை பால் எடுங்கள். அடிகனமான பாத்திரத்தில் கைவிடாமல் கிண்டிக் கொதிக்கவிட வேண்டும். பொங்கி நுரை கட்டும்போதே பலரும் வெல்லத்தைப் போட்டுவிடுகிறார்கள், பச்சை வாடைக்குக் காரணம் அதுதான். நுரை அடங்கிய பிறகும் 15 நிமிடம் கொதிக்கட்டும். அதன்பிறகு ஊறவைத்து அரைத்த பச்சரிசி விழுதைக் கரைத்து ஊற்றி, மாவு வெந்து பால் கரண்டியில் பூசினாற்போல் நின்றதும்தான் வடிகட்டிய வெல்லக் கரைசல். இனிப்பு முந்திக்கொண்டால் அரிசிமாவு சீக்கிரம் வேகாது. சுக்கு, ஏலம், தேங்காய் கடைசியில்.

ஒரு எச்சரிக்கையைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விதைப்புக்கு விற்கிற, நிறம் ஏற்றிய பருத்தி விதையில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள். அதை எந்தக் காரணத்துக்கும் வாங்காதீர்கள். சமையலுக்கென்று கேட்டு வாங்குங்கள். பருத்திக் கொட்டையில் காசிபால் என்னும் நச்சுப்பொருள் உண்டு, ஆகவே பாலைப் பச்சையாக ருசிகூடப் பார்க்க வேண்டாம்.

ஒன்பது துண்டுக் கட்டம் தைக்கிறேன். இரண்டரை இஞ்ச் சதுரமாகத்தான் வெட்டினேன். கட்டம் ஆறரை இஞ்ச் வரவேண்டும், ஆறேகால்தான் வருகிறது. பன்னிரண்டு கட்டம் தைத்தாகிவிட்டது. எல்லாவற்றையும் பிரிக்கவேண்டுமா? எங்கள் ஊர் கடலை மிட்டாயும் வீட்டில் செய்தால் பல்லில் ஒட்டுகிறது.
– கோவில்பட்டி வாசகி

பிரிக்க வேண்டாம். முதலில் கால் இஞ்ச் எங்கே போனது என்று பாருங்கள். தையலுக்கு விடவேண்டியது கால் இஞ்ச். நீங்கள் அதைவிட வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு இஞ்ச், கூடுதலாக எடுத்திருக்கிறீர்கள். ஒரு தையலில் இரண்டு துண்டு சேர்வதால் நஷ்டம் இரண்டு வீசம். கட்டத்தின் குறுக்கே இரண்டு தையல் இருப்பதால் நான்கு வீசம். ஆக கால் இஞ்ச். கண்ணுக்கே தெரியாத பிசகு, பத்துக் கட்டம் சேர்ந்தால் இரண்டரை இஞ்சாக வளர்ந்து நிற்கும்.

கால் இஞ்ச் என்று சரியாக அளந்து தைத்தவர்களுக்கும் கட்டம் சற்றுச் சிறுக்கும். தையலை ஒருபக்கமாக மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பு ஓர் இழை அளவு துணியைத் தின்றுவிடுகிறது. எனவே கால் இஞ்சுக்கு ஓர் இழை குறைவாகத் தைக்க வேண்டும். சோதித்துப் பார்க்க, ஒன்றரை இஞ்ச் அகலமும் நாலு இஞ்ச் நீளமும் உள்ள மூன்று பட்டைகளை நீளவாக்கில் இணைத்து இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளங்கள். சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போகிறது, கூடினால் விளிம்புக்கு நெருங்குகிறது.

நம் வீடுகளில் உள்ள கறுப்புத் தையல் மெஷின்களில் ஃபுட்டின் (துணியை அழுத்திப் பிடிக்கும் கால்) விளிம்பை நம்பாதீர்கள். அது ஊசியிலிருந்து கால் இஞ்சில் இருக்கும் என்று கட்டாயமில்லை. ஸ்கேலை ஃபுட்டின் அடியில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசி முனை கால் இஞ்ச் கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே தொடும்படி இறக்குங்கள். ஸ்கேலின் விளிம்பை ஒட்டி, மெஷின் பலகையில் பிளாஸ்திரி நாலைந்து அடுக்கு ஒட்டிவிடுங்கள். துணி அந்த வரப்பில் உரசிக்கொண்டே ஓடும். துணியை நகர்த்தும் பற்களின் மேல் மட்டும் பிளாஸ்திரி படக்கூடாது. இஸ்திரிப்பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் வைத்து எடுத்து அழுத்துங்கள். இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். ஒரு வரிசையின் தையல் மடிப்பு இடப்பக்கம் என்றால் அடுத்த வரிசைக்கு வலப்பக்கம். அப்போதுதான் இரண்டு மடிப்பும் எதிரெதிரே வந்து பூட்டிக்கொண்டு மூலைகள் நேராகும்.

தைத்து முடித்த பன்னிரண்டும் ஒரே சீராக ஆறேகால் இருந்தால் அதுவே உங்கள் அளவு. இடையில் வைக்கும் பட்டைகளையும் ஆறேகாலுக்கு வெட்டித் தொடருங்கள். ஒன்று ஆறேகால், இன்னொன்று ஆறரை என்று கலந்திருந்தால் மட்டும் பெரியதைப் பிரித்துத் தையுங்கள்.

கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் உங்களுடையது, பதில் கவனமாகச் சொல்கிறோம். வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்த கடலை அரை கிலோ, மண்டை வெல்லம் 250 முதல் 300 கிராம், தண்ணீர் அரை கப். பல்லில் ஒட்டினால் பாகு முந்தி இறங்கிவிட்டது என்று அர்த்தம். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருண்டை திரண்டால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். போதாது. அந்த உருண்டையை எடுத்துத் தட்டில் போட்டால் கல் விழுந்தாற்போல் ‘டங்’ என்று கேட்கவேண்டும், கடித்தால் இழுபடாமல் மளுக்கென்று முறிய வேண்டும். அந்த நொடிக்கும் பாகு கருகிக் கசப்பதற்கும் இடையே அதிக நேரமில்லை. ஆகவே கடைசிக் கட்டத்தில் தீயைக் குறையுங்கள். கடலையும் வெதுவெதுப்பாக இருக்கட்டும், ஆறிய கடலை பட்டால் பாகு கிளறுவதற்குள் இறுகிவிடும். நெய் தடவிய பலகையில் கொட்டி உடனே தேய்த்து, சூட்டோடு கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். முழுக்க ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில். மழைநாளில் திறந்து வைத்தால் வெல்லம் ஈரத்தை இழுத்து மறுபடி ஒட்டும்.

எங்கள் பக்கம் இலவம்பஞ்சு தாராளம். க்வில்ட்டின் நடு அடுக்குக்கு வைக்கலாமா?
– போடிநாயக்கனூர் வாசகர்

வேண்டாம். இலவம்பஞ்சின் இழை குட்டை, வழுவழுப்பு, எளிதில் ஒடியும். ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. தையல் ஓட்டைவழியே வெளியே பறக்கும், துவைத்தால் மூலையில் கட்டிக்கொள்ளும். தலையணைக்கு அதைவிட நல்ல பொருளில்லை, அங்கேயே இருக்கட்டும். க்வில்ட்டுக்கு மெத்தைக் கடையில் அடித்த பருத்திப் பஞ்சு கேளுங்கள். மெல்லிய மல் துணிக்குள் பரப்பி, இரண்டு இஞ்சுக்கு ஒரு தையல் ஓடவிட வேண்டும், இல்லையென்றால் பஞ்சு நகரும். ஊசியால் குத்திப் படிய வைத்துச் சுருளாக விற்கும் பஞ்சு விரிப்புக்கு இவ்வளவு நெருக்கம் தேவையில்லை. எவ்வளவு இடைவெளி என்பதை உறையிலேயே போட்டிருப்பார்கள். சமவெளியின் வெயிலுக்குப் பஞ்சையே விட்டுவிட்டு நடுவில் ஒரு பழைய பருத்திப் புடவை வைப்பதுதான் எங்கள் சிபாரிசு. கேட்காத ஒன்றையும் சொல்கிறோம்: உங்கள் ஊர் ஏலக்காயைத் தோலோடு ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்து அரைத்தால் நைசாகப் பொடியாகும்.

இங்கே சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி போர்வையைப் பார்த்துக் கையால் தைக்க ஆரம்பித்தேன். நடுவில் வரும்போது துணி குடைபோல் உப்பிக்கொள்கிறது. சோள ரொட்டியும் தட்டும்போது விளிம்பு வெடிக்கிறது.
– தார்வாடில் வசிக்கும் தமிழ் வாசகி

கவந்தியைப் பற்றிக் கேட்டதில் மகிழ்ச்சி. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் சித்திகள். உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள், முண்ட்கோடு பக்கம் வாழ்கிறார்கள். மற்ற க்வில்ட்டுகளில் மேல்துணியைத் தனியாக இணைத்து, பஞ்சு வைத்து, அடித்துணியோடு சேர்த்துப் பிறகு தைப்போம். கவந்தியில் அந்தப் படிகளே கிடையாது. அடித்துணியை விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தை உள்ளே மடித்து, மேலே ஒரு துண்டை வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே போகவேண்டும். ஒரு துண்டு முடியுமிடத்தில் அடுத்த துண்டின் ஓரத்தை அரை இஞ்ச் மடித்து ஏற்றி வைத்துத் தொடர வேண்டும். நாலு பக்கமும் சுற்றி வந்ததும் அடுத்த சுற்று உள்ளே, அப்படியே சுருங்கிச் சுருங்கி நடுவில் முடியும்.

இந்த அமைப்பிலேயே உங்கள் சிக்கலும் இருக்கிறது. ஓரத்தில் ஆரம்பிப்பதால், தப்பிய தளர்வெல்லாம் உள்நோக்கித் தள்ளப்பட்டு நடுவில் சேர்கிறது. மடியில் வைத்துத் தைத்தால் அடித்துணி தொங்கி இழுபடும். தரையிலோ மேசையிலோ விரித்துத் தையுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உள்ளங்கையால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தடவிப் பாருங்கள். மேடு தெரிந்தால் அடுத்த துண்டு வைக்கும்போதே சற்று அதிகம் மடித்து அந்தத் தளர்வை விழுங்கிவிடலாம். நடுவுக்கு வந்தபிறகு ஒன்றும் செய்யமுடியாது. நூலையும் இறுக்கி இழுக்காதீர்கள், ஓரம் சுருங்கினால் நடு உப்பத்தான் செய்யும். ஒரு இஞ்சுக்கு நாலைந்து தையல், வரிக்கு வரி கால் முதல் அரை இஞ்ச், கைநீளத்துக்கு மேல் நூல் வேண்டாம். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து வைக்கும் ‘பூலா’வை மறந்துவிடாதீர்கள். பூ என்று பொருள். அது இல்லாத போர்வையை அவர்கள் முடிந்ததாகக் கொள்வதில்லை.

சோள மாவில் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது. கொதிநீர் பட்டு மாவு பாதி வெந்தால்தான் பிடிப்பு வரும். ஒரு கப் தண்ணீரை உப்போடு தளதளவென்று கொதிக்கவிட்டு, ஒரு கப் மாவைக் கொட்டி அடுப்பை அணைத்து மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, கை தாங்கும் சூட்டில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தித் தேய்த்து ஏழெட்டு நிமிடம் பிசையுங்கள். வெடிப்புக்குக் காரணம் தண்ணீர் கொதிக்காதது அல்லது பழைய மாவு. அரைத்து மாதக்கணக்கான மாவு எப்படிப் பிசைந்தாலும் வெடிக்கும். கல்லில் போட்டதும் மேற்புறத்தை நனைத்த துணியால் துடைத்து, அந்த ஈரம் உலர்ந்தவுடன் திருப்பிவிடுங்கள்.

பனியன் கம்பெனி வெட்டுத்துணி மூட்டையாகக் கிடைக்கிறது. தைத்தால் அலையலையாக நெளிகிறது.
– திருப்பூர் வாசகி

பின்னல் துணி இழுபடும், அதுதான் அதன் குணம். இஸ்திரியால் ஒட்டும் மெல்லிய ஃப்யூசிங்கைத் துணியின் பின்புறம் ஒட்டி, பிறகு சதுரம் வெட்டுங்கள். வெட்டியபின் ஒட்டினால் அளவு மாறியிருக்கும். பின்னல் துணிக்கென்று விற்கும் உருண்டை முனை ஊசி போடுங்கள், கூர்முனை ஊசி இழையை அறுத்து ஓட்டை விடும். தையல் நீளத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

ஆலை மிச்சத்தில் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர்ப் பெண்கள் 1972-ல் சியர்ஸ் என்னும் பெரிய கடை நிறுவனத்துக்காகக் கார்டுராய் (வரிவரியாகப் புடைத்த துணி) தலையணை உறைகள் தைத்தார்கள். மிஞ்சிய துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் தைத்த க்வில்ட்டுகள் பின்னாளில் அருங்காட்சியகங்களில் தொங்கின. 2006-ல் ஜீஸ் பெண்ட் க்வில்ட்டுகள் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் வந்தன.

நீங்கள் அனுப்பிய அரிசிம்பருப்புச் சாதக் குறிப்பு: அரிசி 1 கப், துவரம்பருப்பு மூன்றில் ஒரு கப், சின்ன வெங்காயம் 15, பூண்டு 6 பல், தக்காளி 1, சாம்பார் பொடி ஒன்றரை டீஸ்பூன், தண்ணீர் மூன்றரை கப், குக்கரில் மூன்று விசில். நாங்கள் சேர்க்க விரும்புவது ஒன்றுதான், பருப்பை 20 நிமிடம் ஊறவையுங்கள், இல்லையென்றால் அரிசி குழைந்தும் பருப்பு நறுக்கென்றிருக்கும்.

உள்ளித் தீயல் பரிமாறும்போது க்வில்ட்டில் சிந்திவிட்டது. சோப்பு போட்டால் கறை சிவப்பாகிறது!
– நாகர்கோவில் வாசகி

மஞ்சள், சோப்பின் காரத்தில் சிவக்கும், பயப்பட வேண்டாம். எண்ணெய் போக முதலில் பாத்திரம் கழுவும் திரவம் தடவி அலசுங்கள். பிறகு ஈரத்தோடு நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போடுங்கள். மஞ்சளின் நிறத்தை வெயிலே எடுத்துவிடும். எண்ணெய் போகுமுன் இஸ்திரி மட்டும் படக்கூடாது. நீங்கள் அனுப்பிய குறிப்பில், தீயலுக்குத் தேங்காயை ஈரமில்லாமல் கருஞ்சிவப்பாக வறுத்து, தண்ணீர் விடாமல் அதன் எண்ணெயிலேயே அரைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். மிகச் சரி.

இங்கே ‘ஷூஃப்ளை’ என்ற பெயரில் ஒரு க்வில்ட் கட்டமும் உண்டு, ஒரு பையும் (pie, மாவுத் தட்டில் பாகு ஊற்றிச் சுடும் பலகாரம்) உண்டு. பை செய்முறையை அனுப்பியிருக்கிறேன். கட்டத்தின் முக்கோணங்கள்தான் கோணிக்கொள்கின்றன.
– பென்சில்வேனியா, லங்காஸ்டர் வாசகி

முக்கோணமாக வெட்டித் தைத்தால் குறுக்கு விளிம்பு, நம் தையல்காரர்கள் சொல்லும் ‘கிராஸ்’, கையில் எடுத்தாலே இழுபடும். அதனால் முக்கோணமாக வெட்டாதீர்கள். ஒன்பது இஞ்ச் கட்டத்துக்கு, நாலு இஞ்ச் சதுரம் வெளிர்நிறத்தில் இரண்டும் அடர்நிறத்தில் இரண்டும் எடுங்கள். வெளிர்மேல் அடர் வைத்து மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் இஞ்சில் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு ஜோடியிலிருந்து நாலு மூலைத் துண்டு கிடைக்கும். இஸ்திரி போட்டு மூன்றரை இஞ்சாகச் சீர்செய்யுங்கள். பக்கங்களுக்கு வெளிர்நிறத்தில் மூன்றரை இஞ்ச் சதுரம் நாலு, நடுவில் அடர்நிறத்தில் ஒன்று.

பைக்கு: மைதா 1 கப், பழுப்புச் சர்க்கரை மூன்றில் இரண்டு கப், குளிர்ந்த வெண்ணெய் 1 மேசைக்கரண்டி மூன்றையும் உதிரியாகப் பிசறி, அரை கப் தனியே எடுத்துவையுங்கள். மொலாசஸ் (சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சும் கரும்புப் பாகு) 1 கப், முட்டை 1, வெந்நீர் முக்கால் கப், அதில் கரைத்த சமையல் சோடா 1 டீஸ்பூன். இவற்றை மிச்ச உதிரியோடு கலந்து, பிசைந்து தேய்த்த மைதா மாவு விரித்த தட்டில் ஊற்றி, மேலே அரை கப் உதிரியைத் தூவுங்கள். 200 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம், பிறகு 175-ல் 30 முதல் 35 நிமிடம். இங்கே மொலாசஸ் கிடைக்காதவர்கள் 300 கிராம் வெல்லத்தை அரை கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, தேன் பதத்தில் ஒரு கப்பாக வற்றவிட்டு, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். சோடா பொங்குவதற்கு அந்தப் புளிப்பு வேண்டும். தட்டை அசைத்தால் நடு லேசாக ஆடும்போதே எடுத்துவிடுங்கள். அடிப்பகுதி ஈரப்பாகாக இருப்பதுதான் அந்த ஊர்ப் பக்குவம், வேகவில்லை என்று மறுபடி உள்ளே வைத்துவிடாதீர்கள்.

க்வில்ட்டுக்கு எந்த நம்பர் ஊசி?
– யாழ்ப்பாண வாசகி

மெஷினில் துண்டுகளை இணைக்க 11 அல்லது 12, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க 14. கைத்தையலுக்குக் குட்டையான ஊசி 9 அல்லது 10. நீள ஊசி மூன்று அடுக்கில் வளைந்துவிடும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒருமுறை மெஷின் ஊசியை மாற்றுங்கள். முனை மழுங்கினால் ‘டொக் டொக்’ என்று சத்தம் வரும், அதற்குமுன் மாற்றுவது நல்லது. உங்கள் ஊர் ஒடியல் (உலர்த்திய பனங்கிழங்கு) கூழ்க் குறிப்பையும் அனுப்புங்கள். மாவைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறவிட்டு வடிக்கிறீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.